வெட்கம் என்று நினைத்த பத்தொன்பது மாதங்கள்

1. கொவிட் முடக்கம் வந்தது. கொழும்பில் தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு, கண்டிக்குப் பக்கத்திலுள்ள கட்டுகஸ்தோட்டைக்கு, வீட்டுக்கு வந்தேன். கொம்பனி வேலை மடிக்கணினியோடு கூடவே வந்தது.
2. முடக்கம் முடிந்தது. எல்லாரும் வெளியே போனார்கள். நான் போகவில்லை.
3. முதலில் பஜாருக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு சொந்தக்காரர் வீடுகளுக்கு. பிறகு வீட்டுக்கு ஆள் வந்தால் ஹாலுக்கு வருவதை. கடைசியில் உம்மா, வாப்பாவோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதையும்.
4. பத்தொன்பது மாதங்கள் எங்கள் வீட்டுக் கேட்டைத் தாண்டவில்லை. அதில் கடைசி ஏழு மாதங்கள், வீட்டில் ஆள் இருக்கும்போது என் அறைக் கதவையும் தாண்டவில்லை.
5. யாரும் இதை நோய் என்று நினைக்கவில்லை. வெட்கம் என்றார்கள். அதை நம்பி ஒரு கலியாணமும் பேசினார்கள்.
6. நான் வாப்பாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.
7. கண்டிப் பெரியாஸ்பத்திரியில், மனநலப் பிரிவின் பெண்கள் வார்டில் பதினாறு நாட்கள் இருந்தேன்.
8. கலியாணம் பேசியவர்களிடம் உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்பது மட்டும் மிச்சமிருந்தது.

எனக்கு இருபத்தேழு வயது. மென்பொருள் சோதிப்பது என் வேலை. மற்றவர்கள் எழுதிய நிரலை ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுப்பேன். நல்ல சோதனையாளர் என்று பெயரும் உண்டு. அப்படிப்பட்டவளுக்குத் தன்னிடம் இருந்த பழுது ஏன் இவ்வளவு நாள் தெரியவில்லை என்று ஆஸ்பத்திரியில் பலர் கேட்டார்கள். எதுவும் உடையவில்லை, அதுதான் காரணம். வேலையை நேரத்துக்கு முடித்தேன். சம்பளம் வந்தது. தொழுதேன், நோன்பு பிடித்தேன். கூட்டங்களில் கமெராவை அணைத்துவிட்டுப் பேசினேன். கொம்பனியில் பாதிப் பேர் அப்படித்தான் பேசினார்கள். ஒவ்வொன்றையும் நிறுத்தியபோது ஒரு காரணம் இருந்தது. மழை, தலைவலி, வேலை அவசரம். தனித்தனியாக எடுத்தால் எல்லாம் நியாயமான காரணங்கள்.

வீட்டில் இருந்தவர்கள் அன்பானவர்கள். கட்டுகஸ்தோட்டை பஜாரில் வாப்பாவுக்கு இரும்புச் சாமான் கடை. நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்றதும், கடையிலிருந்து குழாய்களையும் ஓடுகளையும் கொண்டுவந்து என் அறையோடு ஒரு குளியலறை கட்டிக் கொடுத்தார். உம்மா மூன்று வேளையும் சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே ஒரு முக்காலியில் வைத்துவிட்டு, இரண்டு தரம் தட்டிவிட்டுப் போவார். நான் மீன் பொரியலை மட்டும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றை மிச்சம் வைக்கிறேன் என்று தெரிந்ததும் இரண்டு துண்டு மீன் வைக்கத் தொடங்கினார். இதை எழுதும்போதும் எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்: அந்த அன்பினால்தான் என்னால் அத்தனை மாதம் உள்ளே இருக்க முடிந்தது.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் வெளியே போகாமல் இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. பாராட்டுவார்கள். "உங்கட மகள் ரோட்டுல காணக் கிடைக்கிறதே இல்லையே, மாஷா அல்லாஹ்" என்று பெருநாளைக்கு வந்தவர்கள் ஹாலில் சொல்வது எனக்குக் கேட்கும். உம்மாவின் குரலில் பெருமை இருக்கும். ஒரு பையன் இப்படி அறைக்குள் கிடந்திருந்தால் ஆறாவது வாரமே வாப்பா அவனை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பார். எனக்கு வந்தது கலியாணப் பேச்சு.

மாப்பிள்ளை வீடு வத்தேகம. மாப்பிள்ளைக்கு கட்டாரில் கணக்காளர் வேலை. அவருடைய உம்மா கணவரை இழந்தவர், மரியாதையான மனுஷி. அவரை இங்கே வத்தேகம மாமி என்று எழுதுகிறேன். என்னைப் பார்க்க ஒரு ஞாயிறு பின்னேரம் அவரும் இரண்டு பெண்களும் வந்தார்கள். நான் சல்வார் உடுத்து, ஷோலைச் சரி செய்து, கதவுப் பிடியில் கை வைத்து நின்றேன். உள்ளங்கை வியர்த்துப் பிடி வழுக்கியது. முக்கால் மணி நேரம் அப்படியே நின்றேன்.

வெளியே உம்மாவின் குரல் கேட்டது. "புள்ளைக்கு மிச்சம் வெக்கம். வேற ஒண்டுமில்ல."

"அதுக்கென்ன. இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ள எங்க ஈக்கிது?" என்றார் வத்தேகம மாமி. எழுந்து என் கதவருகே வந்தார். "மகள், நான் ஒங்கட முகத்தப் போட்டோவுல பாத்துட்டன், போதும். எங்கட வீட்டுல ஒங்கள வெளியே வாங்க, அங்க போங்க எண்டு யாரும் கரச்சல் குடுக்க மாட்டம். சரியா?"

கதவுக்கு இந்தப் பக்கம் நான் தலையாட்டினேன். எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்று நாள் கழித்து ஒரு பட்டியல் போட்டேன். கலியாணம் முடிப்பதற்கு நான் எங்கெங்கே வெளியே வர வேண்டியிருக்கும் என்ற பட்டியல். எங்கள் வழக்கில் நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கும். மணமகள் அங்கே போக வேண்டியதில்லை. வாப்பா எனக்கு வலியாக, அதாவது என் சார்பில் நிற்பவராக இருந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுப்பார். சம்மதமா என்று வீட்டுக்கு வந்து கேட்பார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாலும் போதும். வலீமா விருந்துக்குப் பெண்கள் பக்கம் தனி. வத்தேகமைக்குக் காரில் போகலாம், எங்கள் வாசலிலிருந்து அவர்கள் வாசலுக்கு. அங்கேயும் எனக்கு ஓர் அறை இருக்கும். பட்டியலை இரண்டு தரம் சரிபார்த்தேன். எங்கேயும் உடையவில்லை. அறுபது வயது வரை ஓட்டிப் பார்த்தேன், அப்போதும் உடையவில்லை. அன்றுதான் முதன்முறை பயந்தேன். நான் வெளியே வராமலே என் வாழ்க்கை முழுவதும் நடந்து முடியலாம். அப்படி முடிந்தால் நல்ல பெண்ணாக இருந்தாள் என்று சொல்வார்கள்.

வாப்பா ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் இடையில் பத்தடி தூரம். போனில் எழுதி அனுப்பினேன்: "வாப்பா, எனக்கு வெக்கம் இல்ல. வெளியே வர ஏலாது. உண்மையாவே ஏலாது."

தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. செருப்புச் சத்தம் கதவுவரை வந்தது.

"ஏலாதெண்டா என்ன மகள்?"

"கதவுகிட்ட வந்தா கால் நிக்கிது. தாண்டுதில்ல."

"எவ்வளவு நாளா?"

"ஏழு மாசம். கேட்டுக்கு வெளியே எண்டா ஒண்டரை வருசத்துக்கு மேல."

கதவில் அவர் சாய்ந்த சத்தம் கேட்டது. பிறகு, "நான் அந்த பாத்ரூமக் கட்டியிருக்கப்படாது" என்றார்.

அடுத்த வாரம் என்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சாச்சி வந்தார். உம்மாவின் தங்கை, கண்டியில் பள்ளிக்கூட ஆசிரியை, எங்கள் வீட்டில் சத்தமாகச் சிரிக்கும் ஒரே ஆள். த்ரீவீலரை முற்றத்துக்குள் பின்பக்கமாக விடச் சொல்லி, வாசல்படியோடு ஒட்டி நிறுத்தினார். "ரெண்டு எட்டுத்தான். கண்ண மூடிக்கொண்டு வா. விழுந்தா என்மேலதான் விழுவ, நான் மெத்தை மாதிரித்தானே ஈக்கிறன்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி அறையிலிருந்து ஹாலைக் கடந்து போய் ஏறினேன்; உம்மாவும் கூட வந்தார். கண்டிக்குப் போகும் வழியில் பாலத்தைக் கடந்தபோது ஆற்று வாடை வந்தது. அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

கிளினிக்கில் எண்பது பேர் இருந்திருப்பார்கள். நம்பர் துண்டு எடுத்துக்கொண்டு நீளமான மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். நான் சுவரைப் பார்த்து இருந்தேன். உம்மா யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருத்தரும் இல்லை என்று உறுதியானதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டொக்டர் சிங்களப் பெண். தமிழை மெதுவாக, கவனமாகப் பேசினார். "கடைசியா கேட்டுக்கு வெளிய போனது எப்போ?" என்றுதான் தொடங்கினார். பிறகு தூக்கம், பசி, எடை. யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா. யாராவது கண்காணிக்கிறார்கள் என்று தோன்றுகிறதா. சாக வேண்டும் என்று நினைத்ததுண்டா. குரல் கேட்டதில்லை, கண்காணிப்பு இல்லை, சாக நினைத்ததில்லை, ஆனால் இருப்பதைப் பற்றியும் பெரிதாக நினைத்ததில்லை என்றேன். அவர் அந்தக் கடைசிப் பதிலை எழுதி அடிக்கோடிட்டார்.

இரத்தம் எடுத்தார்கள். தைரொய்ட் சுரப்பி மந்தமாக இருந்தாலும் ஆள் இப்படிச் சோர்ந்து ஒதுங்கலாம் என்பதால் முதலில் அதைப் பார்த்தார்கள். அது சரியாக இருந்தது. இரும்புச் சத்துக் குறைவு. வெயில் படாததால் விட்டமின் டி மிகக் குறைவு. எடை முப்பத்தெட்டு கிலோ. மாத்திரை தொடங்கும் முன் இதயத் துடிப்பைக் காகிதத்தில் வரையும் சோதனை ஒன்று. எல்லாம் முடிந்தபின் டொக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். மனிதர் முன்னால் வருவதற்கான கடும் பயம், அதன்மேல் மனச்சோர்வு, இரண்டும் சேர்ந்து முழு ஒதுங்கலாக மாறியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள் அடைபட்டு, மனிதத் தொடர்பை விட்டுவிடுவதற்கு ஜப்பானில் ஹிகிகோமோரி என்று தனிப் பெயரே இருக்கிறது. முன்பு அங்கே மட்டும் உள்ளது என்று நினைத்தார்கள். இப்போது பல நாடுகளில் காண்கிறார்கள்.

"நாங்க ஜப்பானுக்குப் போனதே இல்லையே டொக்டர்" என்றார் உம்மா.

சாச்சி வாயைப் பொத்திக்கொண்டார். டொக்டர் சிரிக்கவில்லை. "போக வேணாம் அம்மா. எல்லா இடத்திலயும் வீடு இருக்கு, ரூம் இருக்கு."

உம்மா யோசித்தார். "அங்கேயும் உம்மாமார் கதவுக்கிட்ட சாப்பாடு வைக்கிறாங்களா?"

"வைக்கிறாங்க. அங்க வெளிய தெரிஞ்சா வெட்கம் என்டு மறைக்கிறாங்க. உங்கட வீட்டில மறைக்க வேண்டிய தேவையே வரல்ல. எல்லாரும் நல்லது என்டு சொன்னது."

உம்மா அழுதார். அதன்பின் கிளினிக்கில் அவர் யாரையும் தேடிப் பார்க்கவில்லை.

பொதுவாக இதற்கு வார்டில் வைப்பதில்லை, வந்து போனால் போதும் என்றார் டொக்டர். ஆனால் எடை குறைவு; வீட்டுக்கு அனுப்பினால் திரும்பி வருவேன் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. நானே சொன்னேன், வரமாட்டேன் என்று. அதனால் வார்டு.

பெண்கள் வார்டில் இருபது கட்டில்கள் இருந்தன. சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லை. முதல் இரண்டு நாள் போர்வைக்குள் இருந்தேன். மாத்திரையால் குமட்டியது, முதல் வாரம் அப்படித்தான் இருக்கும், பலன் தெரிய மூன்று வாரமாகும் என்று தாதி மிஸ் சொன்னார். இரவுகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மாத்திரை தூங்க வைத்தது.

பக்கத்துக் கட்டிலில் பிலோமினா அக்கா. வத்தேகமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மனச்சோர்வுக்கு இரண்டாம் தரம் வந்திருந்தார். மூன்றாம் நாள் என் போர்வையை விரலால் தட்டினார்.

"ஏம்மா, உள்ள ஆள் இருக்கீங்களா, இல்ல தலகாணி மட்டும்தானா?"

"இருக்கேன்."

"கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னாங்க. அதுல நாள் முழுக்கச் சும்மா உக்காந்திருந்தா காசு தருவாங்களாமே? நாங்க பதினெட்டு கிலோ பறிக்கணும்."

போர்வையை விலக்கினேன். வேறு வழி இல்லை. "சும்மா இல்ல அக்கா. பிழை தேடணும்."

"கெடைக்குதா?"

"நெறைய."

"அப்ப வாங்க, இந்த ஆஸ்பத்திரி ப்ளேன்டீயில சீனி இருக்கான்னு தேடுவோம். நா ரெண்டு தடவ வந்தும் கெடைக்கல" என்றார்.

தேநீருக்கு வரிசையில் நிற்க வேண்டும். பதினாறு பேர். அவருக்குப் பின்னால் நின்றேன். கப்பை வாங்கித் திரும்புவதற்குள் பாதி கீழே சிந்தியிருந்தது, ஆனால் வரிசையை விட்டு ஓடவில்லை.

தொழில்வழிச் சிகிச்சை என்று ஒரு பிரிவு இருந்தது. பெயரைக் கேட்டுக் கூடை பின்னச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அங்கிருந்த மிஸ் ஒரு தாளைத் தந்து, பயப்படும் காரியங்களைச் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் நூறுக்கு எத்தனை பயம் என்று எண் போடச் சொன்னார். எனக்காகவே செய்த சிகிச்சை போல இருந்தது. நாற்பத்தொரு வரி எழுதினேன். "பத்து போதும்" என்றார். ஒரு படியில் நிற்கும்போது பயம் ஏறும், ஓடாமல் நின்றால் தானாக இறங்கும். அது இறங்குவதை உடம்பு ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம். அவ்வளவுதான் முறை. கன்டீனில் ஒரு பிஸ்கட் பக்கட் வாங்குவது ஐம்பத்தைந்து. டொக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்து வரும்போது எல்லார் முன்னும் பேசுவது எழுபது. பத்தாவது வரியில் நான் எழுதியது: வத்தேகம மாமியிடம் நேரில் உண்மையைச் சொல்வது. அதற்கு நூறு.

ஏனென்றால், வீட்டில் அவரிடம் நான் கொழும்புக்கு வேலை விஷயமாகப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை விடுமுறையில் வருகிற அதே மாதத்தில் நிக்காஹ் என்று அவர் அவசரப்படுத்தினார். பார்வையாளர் நேரத்தில் என் கட்டிலருகே அந்த வழக்கு நடந்தது.

"மருந்து குடிச்சா சரியாயிடும் எண்டு டொக்டரே செல்றாங்க. சரியாகப் போறத என்னத்துக்கு செல்லணும்?" என்றார் உம்மா. "பைத்திய வார்டுல இருந்த புள்ள எண்டு பேர் வந்தா முடிஞ்சிது."

"அவ கலியாணம் முடிச்சுப் போய் அங்க கதவச் சாத்தினா?" என்றார் சாச்சி.

"நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்தா யார் பேசுற? இந்த வீட்டுல எல்லாரும் சும்மா இருந்துதான் இவ இங்க படுத்திருக்கா."

வாப்பா என்னைப் பார்த்தார். "மகள், நான் போய் மாமிக்கிட்ட உண்மையச் செல்லவா?"

அது அவரால் முடியும். எங்கள் வழக்கில் எல்லாவற்றையும் எனக்காக அவர் சொல்லலாம். வேண்டாம் என்றேன். எனக்காக வேறொருவர் பேசினால் இந்த நோய்க்கு வசதி. அது எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. பத்தாவது படிக்கு மூன்று மாதம் போகட்டும் என்றார் டொக்டர். நிக்காஹ் ஏழு வாரத்தில் என்றேன். அவர் என் தாளைப் பார்த்துவிட்டு, "அப்ப ஒன்பது வரைக்கும் வேகமா செய்வோம்" என்றார்.

பதினாறாவது நாள் நாற்பது கிலோவுடன் வீட்டுக்கு வந்தேன். பிலோமினா அக்கா எனக்கு முன்னமே போய்விட்டார். போகும்போது, "வத்தேகமைக்கு மருமகளா வந்தா வந்து பாப்பேன். வராட்டியும் பரவால்ல, அங்க குளிரு" என்றார்.

பத்து நாள் கழித்து வத்தேகம மாமி திகதி பேச வந்தார். இந்தத் தடவை தனியாக. அவர் ஹாலுக்குள் நுழையும்போதே நான் உம்மா, வாப்பாவோடு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தபின் அறைக் கதவைத் திறக்கும் வேலை மிச்சமிருக்கக் கூடாது என்று அரை மணி நேரம் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், வெக்கம் போயிட்டுது போல."

"அது வெக்கம் இல்ல மாமி." தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். "நான் கொழும்புக்குப் போகவும் இல்ல. பெரியாஸ்பத்திரியில பதினாறு நாள் இருந்தன். மனசு சம்பந்தமான வார்டுல."

உம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. எத்தனை மாதம், என்ன பயம், என்ன மாத்திரை, எவ்வளவு காலம் குடிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்டைக்கு நான் கதவுகிட்ட வந்து பேசினனே" என்றார் மெதுவாக. "அப்ப உள்ள அழுதுகொண்டா இருந்தீங்க?"

"இல்ல மாமி. சந்தோசமா இருந்தன். அதுதான் நோய்."

"கலியாணம் முடிச்சா சரியாகாதா மகள்? நான் ஒங்கள நல்லாப் பாத்துக்குவன்."

"தெரியும் மாமி. நீங்க பாத்துக்குவீங்க. அங்கேயும் ஒரு ரூம் ஈக்கும். நான் அதுக்குள்ள போயிடுவன்."

அவர் கைப்பையைத் திறந்து மூடினார். பிறகு, "நான் ஊரெல்லாம் பெருமையா செல்லிட்டன், ரோட்டையே பாக்காத புள்ள எண்டு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் விட்ட பிழையைச் சொல்வதுபோலச் சொன்னார். மகனோடு பேசிவிட்டுச் சொல்வதாக எழுந்தார். பதில் என்னவாக இருக்கும் என்று அவர் உட்பட எங்கள் நால்வருக்கும் தெரிந்தது.

வாப்பா வழியனுப்ப எழுந்தார். நான் அவருக்கு முன்னால் எழுந்தேன். ஹாலைக் கடந்து, படியிறங்கி, முற்றத்தில் மாமியோடு நடந்தேன். கேட்டில் அவர் நின்று, என் தலையில் கை வைத்து, "துஆ செய்றன்" என்றார். அவருடைய கார் வளைவில் மறையும்வரை ரோட்டோரம் நின்றேன். எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தார். பயம் தொண்ணூறில் இருந்தது. நின்றேன். எழுபதுக்கு வந்தபோது உள்ளே போனேன்.

நிலைமை இப்போது இப்படி. இது நடந்து பதினொரு மாதம். வத்தேகமையிலிருந்து மறுநாளே பதில் வந்தது, மரியாதையாக, வேண்டாம் என்று. அதற்குப் பிறகு வேறு பேச்சு எதுவும் வரவில்லை. உம்மாவுக்கு அது இன்னும் கஷ்டம். மாத்திரை தொடர்கிறது, மாதம் ஒருமுறை கிளினிக். எடை நாற்பத்தாறு. மூன்று வேளையும் மேசையில் சாப்பிடுகிறேன். சென்ற மாதம் நான்கு நாள் அறையை விட்டு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குத் தனியாக பஸ்ஸில் போய் வர முடிகிறது. கொழும்புக்கு இன்னும் முடியவில்லை.